சைலன்சரை ஏற்றத்தில் கேட்டு வாங்குங்கள்

கார்த்திகை ஈரத்தில், ஏற்காடு மலைப்பாதையின் பதினான்காவது கொண்டை ஊசி வளைவில், என் பிக்கப்பின் சைலன்சர் முறிந்து தொங்கியது. பின்னால் இருபது மூட்டை சிமெண்ட், ஒரு டன் கனம். முதல் கியரில் வளைவை எடுத்து நிமிர்ந்தபோது அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடியே என்ஜின் என் காலடியில் வந்து உட்கார்ந்து உறுமுவதுபோல் ஆகிவிட்டது. ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தேன். சைலன்சரின் முன்கழுத்து வெல்டிங் ஓரமாக அறுந்து, பின்பக்க ரப்பர் ஒன்றின் பிடியில் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. சூடு ஆறும்வரை தொட முடியாது. ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். மேலிருந்து இறங்கி வந்த லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, கட்டுக்கம்பி கொடுத்ததோடு நில்லாமல், தானே அடியில் படுத்து இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த அண்ணன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

மீதி ஆறு வளைவுகளையும் ஏற்காட்டின் ஒண்டிக்கடைச் சந்திப்பையும் தாண்டி என் ஊரான நாகலூர் போய்ச் சேரும்போது இரவு ஒன்பதரை. தெருநாய்கள் அத்தனையும் எழுந்து நின்றன. வாசலில் அப்பா.

"கண்ணு, நீ கோயில் திருப்பத்தில் வரும்போதே எனக்குக் கேட்டுவிட்டது" என்றார்.

அப்பாவுக்குக் கேட்டுவிட்டது என்றால் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும் என்று பொருள். அவர் 31 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெல்லம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் மூன்று மாநிலம் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவார். அந்தக் காலத்தில் சைலன்சருக்குள் இருக்கும் தட்டுகளைக் கடப்பாரையால் குத்தி எடுத்துவிட்டு ஓட்டுவது வழக்கமாக இருந்தது. அப்படிச் செய்தால் வண்டிக்கு இழுவை கூடும் என்று நம்பினார்கள். அப்பாவும் தன் லாரிக்கு அதைச் செய்திருக்கிறார். புகைக்குழாய் வலது பக்கம், ஓட்டுநர் இருக்கையும் வலது பக்கம், சன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். இப்போது அவருடைய வலது காதில் 'ச', 'த', 'ட' எதுவும் விழுவதில்லை. 'சட்டி' என்றால் 'அத்தி' என்று கேட்டதாகச் சொல்வார். 'அம்மா' தெளிவாகக் கேட்கும், 'தீப்பெட்டி' கேட்காது. சேலத்தில் பரிசோதித்த மருத்துவர், மெல்லிய உயர்ந்த ஒலிகளை வாங்கும் செல்கள்தான் முதலில் சாகும், செத்தவை திரும்ப முளைக்காது என்று சொல்லி அனுப்பினார். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 94 டெசிபல் என்றால் ஒரு மணி நேரம்தான். அப்பா அதை முப்பத்தோரு ஆண்டு கேட்டார்.

சைலன்சர் மாற்றுவது என் வீட்டில் வெறும் உதிரிபாகக் கணக்காக இல்லாமல் போனது இதனால்தான். ஆனாலும் முதல் முறை நான் தவறாகத்தான் வாங்கினேன். இதே நிலையில் பிக்கப் வைத்திருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

என் வண்டி 2018இல் எடுத்தது. இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ டீசல். காலை நான்கு மணிக்கு மிளகு, கொய்யா, பட்டர் ஃப்ரூட், பருவத்தில் பலா என்று தோட்டத்தில் விளைந்ததை ஏற்றிக்கொண்டு அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்கு இறங்குவேன். திரும்பும்போது தொழுஉரம், சிமெண்ட், கடைகளுக்கு மளிகை. இறங்கும்போது லோடு இருந்தாலும் என்ஜினுக்கு வேலை குறைவு. உண்மையான பாடு ஏறும்போதுதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். இருபது வளைவுகளில் 1,200 மீட்டருக்கு மேல் ஒரு டன்னைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

மறுநாள் சேலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் பழைய சைலன்சரைக் கழற்றியவுடன், அதைத் தூக்கிப் போடாமல் நடுவில் அறுத்துக் காட்டச் சொன்னேன். வெல்டருக்கு அறுபது வயது இருக்கும். "எதற்கம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கட்டிங் மெஷினை எடுத்துவிட்டார். தகடு பிளந்ததும் முதலில் வந்தது தண்ணீர். ஒரு டம்ளர் அளவுக்கு, செங்காவி நிறத்தில், கரியோடு கலந்து ஒழுகியது. பிறகு அடிப்பகுதி தெரிந்தது. மேல்தகடு இன்னும் கெட்டியாக இருக்க, அடித்தகடு அப்பளம்போல் இருந்தது. விரலால் அழுத்தினேன், ஓட்டை விழுந்தது. உள்ளே இரண்டு தடுப்புத் தட்டுகள், மூன்று குழாய்கள். குழாய்களின் உடம்பெங்கும் சின்னச் சின்னத் துளைகள். வெல்டர் ஒரு கம்பியை வைத்துப் புகையின் பாதையைக் காட்டினார். முதல் குழாய் வழியாகக் கடைசி அறைக்குப் போகிறது, அங்கே முட்டித் திரும்பி இரண்டாவது குழாய் வழியாக முன்னறைக்கு வருகிறது, மறுபடி திரும்பி மூன்றாவது குழாய் வழியாக வெளியேறுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒலியலை சுவரில் மோதித் தன்னைத்தானே தின்றுகொள்கிறது. "நம் மலைப்பாதை மாதிரிதான் அம்மா, வளைந்து வளைந்து வேகம் குறைகிறது" என்றார்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நெடுநேரம் யோசித்திருக்கிறேன். மழை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி டீசலிலிருந்தே வருகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. குழாய் நன்றாகச் சூடேறி இருந்தால் ஆவியாகவே வெளியே போய்விடும். நான் தோட்டத்திலிருந்து ஒண்டிக்கடைக்கு ஒரு தீப்பெட்டி வாங்கப் போய்விட்டு வந்தால் சைலன்சர் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். மார்கழிக் குளிரில் ஆவி அப்படியே தகட்டில் வேர்த்து அடியில் தேங்கும். எரிபொருளில் இருக்கும் சிறிதளவு கந்தகமும் அதில் சேர்ந்தால் அது வெறும் தண்ணீராக இருக்காது, அமிலத்தின் சாயல் வந்துவிடும். இதற்காகத்தான் சைலன்சரின் தாழ்ந்த மூலையில் ஒரு சின்ன வடிதுளை வைக்கிறார்கள். என்னுடையதில் அந்தத் துளை கரியும் சேறும் அடைத்துக் கல்லாகி இருந்தது. ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அதைப் பார்த்ததில்லை. ஒரு ஆணி போதும் அதைக் குத்திவிட.

இனி என் தவறு.

அன்றே வேறொரு கடையில், நேர்க்குழாய் வகைச் சைலன்சர் ஒன்றைப் பார்த்தேன். உருண்டையாக, பளபளவென்று, கையில் எடுத்தால் இலேசாக இருந்தது. உள்ளே வளைவு திருப்பம் எதுவும் கிடையாது. துளையிட்ட ஒரே குழாய் முன்னிருந்து பின்வரை நேராகப் போகிறது, அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. "அக்கா, புகை தடையில்லாமல் போகும், இழுவை கூடும், மைலேஜும் கூடும்" என்றார் கடைத்தம்பி. அவர் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அங்கேயே மாட்டி, என்ஜினை ஓடவிட்டுக் காட்டினார். கொஞ்சம் கனத்த குரல், அவ்வளவுதான். கேட்கச் சுகமாகக்கூட இருந்தது. பொருத்துக் கூலியோடு 9,500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடிவாரம் தாண்டி மூன்றாவது வளைவிலேயே தெரிந்துவிட்டது. இரண்டாவது கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தொட்டதும் கேபினுக்குள் ஒரு ரீங்காரம் எழுந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது. மார்பெலும்பில் கை வைத்து அழுத்துவதுபோல் ஒரு அதிர்வு. டாஷ்போர்டில் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்து விழுந்தது. கியரை மாற்றினால் அடங்கும், மறுபடி 2,000க்கு வந்தால் மறுபடி எழும். மலைப்பாதை முழுவதும் அந்த 1,800க்கும் 2,200க்கும் நடுவில்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. மேலே போய்ச் சேரும்போது தலை கனத்திருந்தது.

ஏன் அப்படி என்று பிறகு வெல்டரிடமும் படித்தும் புரிந்துகொண்டேன். நான்கு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 2,000 சுற்றுக்கு நிமிடத்துக்கு 4,000 வெடிப்பு, விநாடிக்கு ஏறக்குறைய 67. மிகத் தாழ்ந்த ஒலி அது. கண்ணாடிப் பஞ்சு சீறலையும் கீச்சலையும் நன்றாக விழுங்கும், இந்தத் தாழ்ந்த ஒலி அதைத் தாண்டி நேராக வெளியே வந்துவிடும். அதை அடக்க அறைகள் வேண்டும், அறைகளுக்கு வயிறு பெரிதாக இருக்க வேண்டும். என் பழைய சைலன்சர் முட்டை வடிவில் 22க்கு 15 சென்டிமீட்டர், நீளம் 60. கணக்குப் போட்டால் பதினைந்து லிட்டருக்கு மேல் கொள்ளும். நான் வாங்கிய பளபளப்போ பத்து சென்டிமீட்டர் விட்டம், 45 நீளம், மூன்றரை லிட்டர். இரண்டரை லிட்டர் என்ஜினின் மூச்சை அது எப்படி அடக்கும்?

கடையில் அந்த ரீங்காரம் ஏன் காதில் விழவில்லை என்பதுதான் முக்கியம். வண்டி நின்றபடி ஓடும்போது என்ஜின் ஏறக்குறைய 800 சுற்றுதான். டீசல் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகிறது. ஒவ்வொரு வெடிப்பும் சிறியது. நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிட்டாலும் அதே கதைதான், தள்ள வேண்டிய பாரம் இல்லாததால் கொஞ்சம் டீசலிலேயே சுற்று ஏறிவிடும். ஒரு டன் பாரத்தோடு ஏற்றத்தில் மிதிக்கும்போதுதான் சிலிண்டருக்குள் முழு அளவு டீசல் பாய்கிறது, வெளியேறும் ஒவ்வொரு மூச்சும் கனமாக வருகிறது. கடை வாசலில் கேட்ட குரலும் பன்னிரண்டாவது வளைவில் கேட்கும் குரலும் வேறு வேறு. சைலன்சர் வாங்குகிறவர்கள் எல்லோரும் கடை வாசலில்தான் கேட்கிறார்கள்.

பதினோரு நாள் அதோடு ஓட்டினேன். செலவழித்த பணத்தை விட மனம் வரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. காலை நான்கு மணிக்கு நாகலூர்த் தெருவைக் கடக்கும்போது ஒவ்வொரு வீட்டு விளக்கும் எரிவதைப் பார்த்தேன். மூன்றாவது வீட்டில் கைக்குழந்தை. அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள், என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அன்று சந்தையில் வியாபாரம் எனக்கு ஓடவில்லை.

மைலேஜ் கூடியதா? டீசல் நோட்டு வைத்திருக்கிறேன், ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் எழுதுவேன். பழைய சைலன்சரில் லிட்டருக்கு 10.9, இதில் 10.8. வித்தியாசமே இல்லை. இழுவையிலும் எனக்கு எதுவும் தெரியவில்லை. டர்போவுக்குப் பின்னால் தடை குறைவாக இருந்தால் நல்லது என்பது உண்மைதான். அடைத்துப்போன சைலன்சரோடு ஒப்பிட்டால் எதைப் போட்டாலும் வண்டி இலேசாகும். நல்ல நிலையில் உள்ள, சரியான விட்டம் கொண்ட அறைவகைச் சைலன்சரோடு ஒப்பிட்டால், லோடு வண்டியின் வேகத்தில் அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதை இருசக்கர வண்டிப் பையன்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் அளவீடுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 120ஆவது விதி, ஒலியை இயன்ற அளவு குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்கிறது. ஒலி, புகை வரம்புகளை மீறினால் 190ஆவது பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதமோ மூன்று மாதம்வரை சிறையோ இரண்டுமோ உண்டு, ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் போகும். ஆகவே என்ன மாற்றினாலும் பழையதன் வேலையைப் பழையதைவிடக் குறையாமல் செய்வதாக இருக்க வேண்டும். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை 112, 113 என்ற இரண்டு சிறிய விதிகள். புகை கீழ்நோக்கியோ இடது பக்கமோ வெளியேறக்கூடாது, பின்பக்கமோ வலது பக்கமோதான் போக வேண்டும். இடது பக்கத்தில்தானே நடந்து போகிறவர்களும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்தது, புகைக்குழாய்க்கும் டீசல் குழாய்க்கும் நடுவில் 35 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். யாரோ நிதானமாக யோசித்து எழுதியிருக்கிறார்கள். இன்னொரு பட்டறையில் எனக்கு, குழாயைப் பாதியில் வெட்டி லோடு பாடிக்கு அடியிலேயே விட்டுவிடலாம், இருநூறு ரூபாய் மிச்சம் என்றார்கள். அப்படிச் செய்திருந்தால் வெப்பம் பலகையைத் தாக்கும், தார்ப்பாய் கட்டினால் புகை சுழன்று பின் கண்ணாடி இடுக்கு வழியாகக் கேபினுக்குள் வரும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரின் உட்பகுதியை எடுத்துவிடலாம் என்றும் அங்கேயே சொன்னார்கள். பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பன்னிரண்டாவது நாள் மறுபடி அந்த அறுபது வயது வெல்டரிடமே போனேன். அவர் நான்கு வழி சொன்னார். கம்பெனி சைலன்சரே வாங்கலாம், எல்லாம் அளவாக இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம். சாதா இரும்புத் தகட்டில் உள்ளூரில் செய்தது 2,400க்குக் கிடைக்கும், மேலே அலுமினியப் பூச்சுப் பெயின்ட் அடித்திருப்பார்கள், மலை ஈரத்துக்கு இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிது. அலுமினியம் ஏற்றிய தகட்டில் செய்தது நடுத்தரம். இல்லையென்றால் எவர்சில்வரில் அளவெடுத்துச் செய்துகொள்ளலாம்.

எவர்சில்வர் என்றதும் நான் காந்தத்தை எடுத்தேன். காந்தம் ஒட்டாததுதான் அசல் எவர்சில்வர் என்று நம் சமையலறையில் படித்த பாடம். அவர் காட்டிய தகட்டில் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். சமையல் பாத்திரத்துக்குப் போகும் 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அதில் காந்தம் ஒட்டாது. சைலன்சருக்கென்றே உள்ள 409 ரகத்தில் குரோமியம் ஏறக்குறைய 11 சதவீதம், நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. காந்தம் ஒட்டும், வெளியே சில மாதத்தில் இலேசாகப் பழுப்பு ஏறும், ஆனால் துரு உள்ளே இறங்காது. 304 அழகாக இருக்கும், விலையும் அதிகம். சூடேறினால் அது சாதா இரும்பைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விரியும். முன்னால் இரும்புக் குழாய், பின்னால் 304 என்று ஒட்டவைத்தால், ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இணைப்பு இழுபடும். 409 ஏறக்குறைய இரும்போடு சேர்ந்தே விரிந்து சுருங்கும். "உங்கள் பழையது வெல்டிங் ஓரத்தில்தானே அறுந்தது? அந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். கஞ்சமலை அடிவாரத்தில் எவர்சில்வர் உருட்டும் ஆலையை வைத்துக்கொண்டு, இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது அன்றுதான் தெரிந்தது.

409இல் செய்யச் சொன்னேன். பதினாறு கேஜ் தகடு. முட்டை வடிவம், 24க்கு 17, நீளம் 65, ஏறக்குறைய இருபது லிட்டர் வயிறு. அடியில் இடம் இருக்கிறதா என்று அவரே படுத்து அளந்தார். ஸ்பிரிங் முழுதாக அமுங்கினாலும் ஆக்சிலுக்கும் சைலன்சருக்கும் நான்கு விரல் இடைவெளி நிற்க வேண்டும் என்று, பட்டறையில் கிடந்த இரும்பை எல்லாம் ஏற்றி வைத்துப் பார்த்தார். உள்ளே மூன்று அறைகள், பழையதைப் போலவே முன்னும் பின்னும் போய்வரும் குழாய்கள், கடைசி அறையில் மட்டும் துளைக்குழாயைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு. குழாயின் விட்டம் பழைய அளவேதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தாழ்ந்த மூலையில் மூன்று மில்லிமீட்டர் வடிதுளை. ஆர்கான் வெல்டிங். இரும்புக் குழாயோடு சேரும் இடத்துக்கு மட்டும் 309 ரக வெல்டிங் கம்பி, இரண்டு வேறு உலோகங்களைச் சேர்க்க அதுதான் சரி என்றார். என்ஜின் ஆடுவது சைலன்சருக்கு வராமல் இருக்க முன்னால் பெல்லோ என்கிற, வளைந்து கொடுக்கும் புதிய மடிப்புக் குழாய் ஒன்று, தொங்கவிட நான்கு புதிய ரப்பர்கள். பழைய ரப்பர்கள் கல்லாகி விரிசல் விட்டிருந்தன. சைலன்சர் அறுந்ததற்குத் துருவோடு அந்த ரப்பர்களும் காரணம். ஆட வேண்டியதை ஆடவிடாமல் பிடித்தால் எங்காவது அறுந்துதான் தீரும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தேன். லோடு ஏற்றி மலையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் முழுப்பணம். அவர் முகம் சுளிக்கவில்லை. "அதுதான் அம்மா முறை" என்று சொல்லி, கிளாம்புகளை மட்டும் போட்டு முடுக்கினார், கடைசி வெல்டிங்கைப் போடாமல் விட்டு வைத்தார். அன்றும் சிமெண்ட் இருபது மூட்டை. பட்டறைத் தம்பி ஒருவரையும் உடன் அனுப்பினார். இரண்டாவது கியரில் வேண்டுமென்றே 2,000 சுற்றில் பிடித்து வைத்து மூன்று வளைவுகள் ஏறினேன். டம்ளரை டாஷ்போர்டில் வைத்திருந்தேன். அதில் பாதித் தண்ணீர். மேற்பரப்பில் நுண்ணிய வளையங்கள் தெரிந்தன, டம்ளர் நகரவில்லை. கைபேசியில் ஒலி அளக்கும் செயலியில், அதே போன், அதே இடம், அதே வளைவு, கண்ணாடி ஏற்றியபடி, முன்பு 83 காட்டியது, இப்போது 75. கைபேசியின் எண்ணை ஆய்வகக் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது, ஒப்பிடுவதற்கு அது போதும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும் என்பார்கள். எட்டுக் குறைந்ததே எனக்குப் பெரிய இளைப்பாறலாக இருந்தது. ஐந்தாவது வளைவில் திருப்பிக்கொண்டு இறங்கி, கடைசி வெல்டிங்கையும் முடித்து, 8,600 ரூபாயை மனம் நிறைந்து கொடுத்தேன். பளபளப்பை எடுத்துக்கொண்ட கடைத்தம்பி ஐயாயிரம் திருப்பித் தந்தார். மீதி போனது போனதுதான்.

வீட்டுக்கு வந்ததும் இன்னும் இரண்டு பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். ஒண்டிக்கடைவரை மட்டும் போகும் சில்லறை வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே நடையாக முடிக்கிறேன். வாரத்தில் ஒருமுறையாவது வண்டி நன்றாகச் சூடேறும்படி ஓடுகிறது, உள்ளே வேர்த்த தண்ணீர் காய்ந்துவிடுகிறது. மாசி, பங்குனியில் சில்வர் ஓக் மரத்தடியில் சருகு குவிந்த இடத்தில் வண்டியை நிறுத்துவதில்லை. ஏற்றம் ஏறி வந்த சைலன்சரும் கன்வெர்ட்டரும் சருகைப் பற்றவைக்கும் சூட்டில் இருக்கும். காட்டுத் தீ பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் வாடகை வண்டியில் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

போன வாரம் அப்பாவைக் காது பரிசோதனைக்குச் சேலம் கூட்டிப் போய்விட்டு மாலையில் ஏறினோம். இடது காது என் பக்கம் இருக்கட்டும் என்று அவர் எப்போதும் திரும்பி உட்கார்ந்துதான் வருவார். பத்தாவது வளைவில் அவர் உள்ளங்கையை டாஷ்போர்டின் மேல் வைத்துக்கொண்டார். லாரி ஓட்டிய காலத்திலிருந்து அவர் என்ஜினைக் கையால்தான் கேட்கிறார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, "மூன்று அறையா, நான்கா?" என்றார்.

"மூன்று அப்பா."

நான் குரலை உயர்த்தவில்லை. அவர் "ம்" என்றார். அதன்பிறகு நாகலூர்வரை, வாணியம்பாடி ரோட்டில் ஒருமுறை சைலன்சர் இல்லாமலேயே இருநூறு கிலோமீட்டர் வந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் கதையை நான் முன்பு கேட்டதே இல்லை.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் கிளாம்ப் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்க வேண்டும் என்று வெல்டர் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை சந்தை முடிந்ததும் போகிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார், அந்த மனிதரின் வேலையை உட்புறம் பார்க்க முடியாவிட்டாலும் வெளிப்புறமாவது பார்க்க வேண்டுமாம்.